பை வைத்துத் தைத்தவள்

கோபே துறைமுகத்தில், போர் முடிந்த குளிர்காலம்,
ராணுவக் கம்பளியைப் பிரித்து
முதல் கோட்டு தைத்தாளாம் ஃபுயூகோ இசேடா.
பித்தானுக்குக் காசில்லை, கயிறு வைத்தாள்.
வாங்கிப் போனவள் மறுநாளே வந்து நின்றாள்:
"கை விறைக்கிறது. வைக்க இடம் எங்கே?"

அன்றிலிருந்துதான் பை.
கல்யாண உடுப்பில் பை, இழவு வீட்டுக் கறுப்பில் பை,
பாரிஸ் மேடையில் பட்டுக் கவுனின் இடுப்போரம்
தையலுக்குள் பதுங்கிய ஒரு கைப்பிடி ஆழம்.
இதில் சீமாட்டி என்ன வைப்பாள் என்றானாம் பத்திரிகைக்காரன்.
"பட்டறைச் சாவி."
சரக்கெடுக்க வந்தவர்கள் முதலாளி எங்கே என்று
அவள் தோளுக்குப் பின்னால் தேடிய காலம் அது.

இதெல்லாம் மொழிபெயர்க்க வந்த பையன் சொன்னது.
பாதி அவன் கைச்சரக்காக இருக்கும்.

எண்பத்தேழு மாசியில் காரைக்குடிக்கு வந்தாள்.
அறுபது வயசு, ஆம்பிளைச் செருப்பு.
செக்காலை ரோட்டில் என் கடைப் பலகையைப்
பையனை வாசிக்கச் சொன்னாள்: சவரிராஜ் டெய்லர்ஸ்.
யார் அவர்?
என் வீட்டுக்காரர். நூல் வாங்கப் போயிருக்கிறார்.
தைப்பது?
நான்.
அதற்குமேல் அவள் பேசவில்லை.
கொடியில் தொங்கிய ரவிக்கையை உள்பக்கம் புரட்டினாள்.
நானும் விடவில்லை. அவள் சட்டை
அக்குளில் அரை அங்குலம் இழுத்தது, தொட்டுக் காட்டினேன்.
பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது.
அவள் ஊசி கேட்டாள்.

ஒன்பது நாள். கண்டாங்கியைக்
கிராஸாக வெட்டச் சொல்வாள், நேராக வெட்டுவேன்.
கட்டம் சேராத தோளை அழகு என்றாள்.
வாடிக்கைக்காரி அடிப்பாள் என்றேன்.
இதை மட்டும் பையன் மொழிபெயர்க்கவில்லை.

திங்கட்கிழமைச் சந்தையில்
கத்தரிக்காய்க் கூறுக்குப் பின்னால் பொன்னழகி
மீதிச் சில்லறைக்கு இடுப்பில் கைவிட்டு
சுருக்குப்பையை உருவினாள்.
வெற்றிலை, காசு, சீட்டுப்பண ரசீது, பெட்டிச் சாவி,
பல்வலிக்கு ஒரு கிராம்பு.
ஃபுயூகோ அப்படியே நின்றாள்.
பிறகு இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்,
பொன்னழகியையா பையையா தெரியாது.
"பாத்தது போதும், காய் வேணுமா வேணாமா?"
இரண்டு கிலோ வாங்கினோம்.
ஓட்டல் ரூமில் அடுப்பா இருக்கிறது?

சுருக்கு என்ற சொல் மட்டும் அவள் வாயில்
எங்களூர்க்காரி சொன்னதுபோல் வந்தது.
சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், கார் ஏறும்வரை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பார்சல்.
கறுப்புக் கோட்டு. இந்த வெயிலுக்கு!
போட்டுப் பார்த்தேன், அக்குளில் இழுக்கவில்லை.
உள்ளே இடுப்போரம் கயிறிழுத்த சுருக்குப்பை.
கழுத்துப் பட்டியில் அவள் பெயர் அவள் எழுத்தில்,
அடியில் தமிழில், நெய்தே, சந்தியாகமமாள்.

ஒரு புள்ளியைக் காணோம்.
வெள்ளை நூல் கோத்து
நானே வைத்தேன்.