நெல் முட்டை

அரையாண்டுத் தமிழ்த் தாள்.
"எங்கள் ஊர்" – பத்து வரி, பத்து மதிப்பெண்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு
மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன்.
கேட் போட்டால் இங்கே இருபது நிமிடம்.
எஞ்சின் முன்னால் போகும், பின்னால் வரும்,
கூட்ஸ் வண்டிக்கு மனசு வரவேண்டும்.

பதினேழாவது தாள் கபிலேஷ்:
"எங்கள் ஊரில் மூணு ஆரு பிரியும்.
மில்லில் ஆயிரம் நெல் முட்டை இருக்கும்.
மழை வந்தால் முட்டை நனைஞ்சிடும்."

சத்தமாகவே சிரித்துவிட்டேன்.
பக்கத்து டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்தார்.
ஒரு சுழி போட்டால் மூட்டை.
ஏழு வருஷமாக அந்தச் சுழியை அவன் போட்டதில்லை.
பரீட்சையில் வாங்குவதும்
பெரும்பாலும் முட்டைதான்.

இருபத்தாறாவது தாள் ரிங்கி குமாரி.
அதே மூணு ஆரு.
அதே ஆயிரம் முட்டை.
அதே மழை.

காப்பி என்று எழுதப் போனேன்.
பிறகுதான் ஞாபகம்:
அவன் கீழே மூன்றாம் அறை. அவள் மாடி.
நடுவில் படிக்கட்டு,
படிக்கட்டில் ஹெட்மாஸ்டர்.

ஜூனில் வந்து சேர்ந்தவள். பீகாரில் ஏதோ ஊர்,
பதிவேட்டில் அதை நான்
மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.
அப்பாவுக்கு ரைஸ் மில்லில் சுமை ஏற்றும் வேலை.
முதல் வாரமே கபிலேஷ் அவள் பையைத் தூக்கி
சைக்கிள் ஷெட் கூரைமேல் எறிந்தான்.
அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள்.
பல் தடத்தை ஒரு மாதம்
வாட்ச் கட்டியவன் போல
எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

இருவரையும் வெளியே நிற்கவைத்தது நான்தான்.
அன்றைக்கு மட்டும் இல்லை.
வாசிக்க வராதவன், பேச வராதவள்,
மீதி முப்பத்தெட்டுப் பேர்,
முடிக்கவேண்டிய பாடம் –
கதவைச் சாத்துவது சுலபமாக இருந்தது எனக்கு.
உள்ளே என் வகுப்பு நடந்தது.
அவர்கள் வகுப்பு
வராந்தா சிமெண்டில், செங்கல் துண்டால்.

கணக்கு சார் ஒருநாள் சொன்னார்:
"ஏழெட்டு எவ்வளவுடான்னு கேட்டா
சப்பன்ங்கிறான் டீச்சர்!
யாருடா சப்பைன்னு முட்டி போட வச்சுட்டேன்."
நானும் சேர்ந்து சிரித்தேன்.
ரிங்கி வீட்டில் ஐம்பத்தாறுக்கு அதுதான் பேர்.
சரியான விடைக்குத்தான்
அவன் முட்டி போட்டிருக்கிறான்.

கூட்ஸ் ஒருவழியாக நகர்ந்தது.
எங்கள் அரிசி எங்கேயோ வடக்கே போகிறது.
கேட் கம்பியை ஒட்டி, எனக்கு முதுகு காட்டி
இரண்டு பேர் வேகன் எண்ணுகிறார்கள்,
கத்திக் கத்தி, சக்கரச் சத்தத்துக்கு மேலே.
இருபத்தொன்பதுவரை வந்தவன்
இருபத்திப் பத்து என்றான்.
தீஸ், என்றாள் அவள்.
அதைப் பிடித்துக்கொண்டு
முப்பத்தொன்றுக்குத் தாவினான்.
நாற்பத்திரண்டில் வண்டி தீர்ந்தது.
நானும் எண்ணியிருந்தேன். சரி.

கேட் திறந்து, பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க
கூட்டிப் பார்த்தேன்.
அவளுக்கு முப்பத்தாறு.
அவனுக்கு முப்பத்தொன்று.
மறுபடி கூட்டினேன், அதேதான்.
கற்றுக்கொண்டவள் தேறிவிட்டாள்,
சொல்லிக்கொடுத்தவனுக்கு நாலு குறைகிறது.
அந்த முட்டைக்கே நாலு போடலாம்.
போடவில்லை.
அதில் எனக்குப் பெருமையும் இல்லை.

பள்ளி திறந்ததும் தாள் கொடுத்தேன்.
தன்னுடையதைப் பார்க்காமலே நாலாக மடித்துச்
சட்டைப் பையில் திணித்தான்.
அவள் தாளைப் பிடுங்கி
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
முப்பத்தாறைச் சுற்றி நான் போட்ட வட்டத்தில்
விரலை ஒருமுறை ஓட்டிவிட்டு
வகுப்பே கேட்கச் சொன்னான்:

"டீச்சர், பாஸாயிட்டோம்!"

தன்மைப் பன்மை.
சிவப்பு மையை மூடி வைத்தேன்.