ஒன்று புள்ளி இரண்டு

பகலில் எனக்குப் பேசுகிற வேலை.
சிலிண்டர் வரவில்லை என்பவர்களிடம்
நாளைக்கு வந்துவிடும் என்று
நாளொன்றுக்கு நூற்றிருபது தடவை.

இரவில் மொட்டைமாடி, கையில் இந்த ஸ்கேனர்.
இதற்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது.
அவனியாபுரத்திலிருந்து பார்த்தால்
பெருங்குடிப் பக்கம் விளக்குகள் இறங்கும்.
இறங்குமுன் அவை பேசிக்கொள்வது
உள்ளங்கைக்குள் கேட்கும்.

போன ஐப்பசியில் ஒரு மழைநாள். கடைசி விமானம்.
ஓடுபாதையில் நாய் என்றது டவர்.
மறுபடி மேலே போகிறேன் என்றார் விமானி,
மோர் போதும் என்று இலையை மறைக்கிறவர் குரலில்.
ஒரு சுற்று வந்திருப்பார்.
மதுரை டவர், எங்களுக்கு
என்றார்.
அந்த இடத்தில் என் செல்கள் செத்தன.

எங்களுக்கு என்ன?
எரிபொருள் போதாதா, காற்று சரியில்லையா, பயமாக இருக்கிறதா?
மழைக்குள் ஒரு விளக்கு
திருப்பரங்குன்றத்துப் பக்கம் வளைந்தது, ஊமையாக.
அதில் எனக்கு வேண்டியவர் யாருமில்லை.
இருந்தும் நனைந்துகொண்டு நின்றேன்.
இறங்கியிருக்க வேண்டும்.
மறுநாள் பேப்பரில் ஒன்றும் இல்லை.

டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய செல்கள் அவை.
உறையில் தங்க எழுத்தில் நாலாயிரத்து அறுநூறு.
கையிலெடுத்தால் பொக்குக் கடலை.
சனிக்கிழமை, மைதா நிறுக்கிற தராசைப் பையில் போட்டுக்கொண்டு
அதே கடைக்குப் போனேன்.
பதினேழு கிராம்.
பக்கத்தில், இரண்டாயிரம் என்று அடக்கமாக எழுதியிருந்தது
இருபத்தேழு.
இப்ராம்சா தராசைத் திருப்பிப் பார்த்தான்,
அடியில் நான் ஏதாவது ஒட்டியிருக்கிறேனா என்று.
பிறகு கனமான நாலை எடுத்துவைத்து
பத்து ரூபாய் குறைத்தான்.

நாலிலும் அன்றைய தேதியை மார்க்கரில் எழுதினேன்.
பழசு ஒன்றைப் புதுசோடு சேர்த்தால்
அது முதலில் காலியாகும்,
மற்ற மூன்றும் கூடி அதைத் தலைகீழாக்கும்.
கூட்டுக்குடும்பத்தில் பார்க்காததா.

மூடிக்குள் கடுகளவு ஒரு சுவிட்ச்,
சாதா செல்லா, சார்ஜ் ஏறுகிற செல்லா என்று கேட்க.
தங்கை வீட்டுக்காரர் சுருளியப்பன் அதைப் பார்க்காமல்
சாதா செல் போட்டு வயரைச் செருகியவர்.
ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பொருக்கு.
வெடிக்காமல் விட்டதற்கு
அவர் சாமிக்கு நன்றி சொன்னார், சுவிட்சை மறுபடி பார்க்கவில்லை.
நான் செல்லை வெளியே எடுத்துத்தான் ஏற்றுகிறேன்,
ஆளுக்கொரு விளக்கு வைத்த சார்ஜரில்,
வெறும் மொசைக் தரையில்.
மெத்தைமேல் இல்லை. துணி மூடி இல்லை.
ஆளில்லாத வீட்டில் இல்லை.

சித்திரையில் விடிகாலை நாலு மணிக்கு.
பகல் சூட்டில் செல் நிறைந்ததா, வெயிலா என்று
சார்ஜருக்கே குழப்பம்.
குடிக்கிற பதத்துக் காப்பி டம்ளர் சூடு என்றால் இருக்கட்டும்.
புறங்கை தானாக விலகினால்
பிடுங்கிவிட வேண்டும், யோசிக்கக் கூடாது.

ஒன்று புள்ளி இரண்டு வோல்ட்.
சாதா செல்லுக்கு ஒன்றரை.
குறைச்சல்தான். ஆனால்
அது தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்,
இது கடைசிவரை ஒரே குரலில் நின்று
சட்டென்று விழும்.
அந்த விமானியைப் போல என்று எழுதி அடித்துவிட்டேன்.
அவர் விழவில்லை.

இப்போது கைப்பையில் இன்னொரு நாலு,
சில்லறையும் சாவியும் உரசாமல் தனி டப்பாவில்.

நேற்று மழையில்லை.
வேறு விமானம், வேறு குரல்.
மதுரை டவர், எங்களுக்கு
என்று தொடங்கியது.
மாடிச்சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஓடுபாதை தெரிகிறது.

அவ்வளவுதான் வாக்கியம்.
கீழே வந்தேன்.
சார்ஜரில் மூன்று பச்சை.
நாலாவது இன்னும் சிவப்பு.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.