மிஸ் அய்யாக்கண்ணு

தனியாகப் போவதென்றால்
இரண்டு பேருக்கான காசு என்றான்
தேராவில் டிக்கெட் போட்டவன்.
அறை இருவருக்கானதாம்.
வராத ஆளுக்கும் சேர்த்துக் கட்டினேன்,
மூன்று தவணையில்.

ஷார்ஜா அல் நஹ்தாவில்
ஆறு பேர் படுக்கும் அறையில்
மேல்கட்டில் எனது.
பதினான்கு வருடமாகத்
திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் மட்டும் நான்.
குளியலறைக் கதவில் ஒட்டிய தாளில்
ஐந்து நாற்பதிலிருந்து ஆறு வரை நான்.

ரஷீத் துறைமுகத்தில்
அட்டையைக் காட்டியதும் ஒரு மணியோசை.
"வெல்கம் மிஸ் அய்யாக்கண்ணு."
பாஸ்போர்ட்டில் கடைசியில் இருப்பது அப்பா பெயர்.
லிஃப்ட் வாசலில், சாப்பாட்டு வாசலில்,
மிதவை அங்கி கட்டிக்காட்டிய வரிசையில்
எல்லோரும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.
தருமபுரி பஸ் ஸ்டாண்டு தாண்டினால்
தலைசுற்றும் மனிதர்.
இரண்டாவது டிக்கெட் வீணாகவில்லை
என்று நினைத்துக்கொண்டேன்.

மேல்தளத்தில் நின்று
என் கட்டிடத்தைத் தேடினேன்.
கடலிலிருந்து பார்த்தால்
ஊர் மொத்தமும் ஒரு விரற்கடை வெளிச்சம்.
போனில் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன,
பிறகு ஒன்றுமில்லை.
நான் எங்கே இருக்கிறேன் என்பது
யாருக்கும் தெரியாது.
பயமாக இருந்தது, ஒரு கால்மணி நேரம்.
பிறகு பசித்தது.

எட்டுப் பேர் மேசை.
"கணவருக்கு உடம்பு சரியில்லையா?"
என்று கேட்ட ஜெர்மன்காரர்
ஆறுதலாகச் சிரித்தார்.
மேல்வரிசை, இடது முன்பல், சிர்கோனியா.
நான் செய்திருந்தால்
ஈறோரம் இன்னும் சுத்தமாக இருந்திருக்கும்.
ஆம், பல் செய்கிறவள்.
ஒரு நாளைக்குப் பதினொன்று,
எதுவும் என் வாய்க்கு இல்லை.
"அவர் இன்னும் பிறக்கவே இல்லை"
என்று சொல்ல வந்து
சூப் குடித்தேன்.

அறையில்
துண்டை மடித்து யானை செய்து
கட்டில்மேல் உட்காரவைத்திருந்தான்
வயான் என்கிற பாலிக்காரப் பையன்.
பிரிக்க மனசு வராமல்
தலையைத் துப்பட்டாவில் துவட்டினேன்.
தலையணைக்கு ஒன்றாக இரண்டு சாக்லேட்.
ஒன்றைத் தின்றேன்.
சுவரோடு ஒட்டிப் படுத்தேன்,
யாருக்கோ இடம் விட்டு.

தோஹாவில்
ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்றார்கள்.
சுற்றிக்காட்டும் பேருந்தில் ஏறவில்லை.
சூக் வாகிஃப் சந்துகளில்
இடதா வலதா என்று கேட்க ஆளில்லாததால்
இரண்டு பக்கமும் போனேன்.
தோல் தொப்பி போட்ட ராஜாளி ஒன்றை
விலை கேட்டேன், சும்மா.
கடைக்காரர் மரியாதையாகச் சொன்னார்,
என் இரண்டு வருடச் சம்பளம்.
"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.
அவரும் நம்பினார்.
கரக் டீ ஒன்று. பிறகு இன்னொன்று.
நேரமாச்சு என்று யாரும் சொல்லவில்லை,
அதனால் நேரமாகிவிட்டது.

செருப்பைக் கையில் எடுத்து ஓடினேன்.
கப்பல் நின்றிருந்தது.
மணியோசை. "மிஸ் அய்யாக்கண்ணு,
கடைசி ஆள் நீங்கள்தான்."
மூச்சு வாங்கிக்கொண்டே நினைத்தேன்:
எண்ணிக்கொள்ள ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்
தொலையச் சொல்கிறார்கள்.
கையைப் பிடித்து எழுதவைத்த
முதல் 'அ' மாதிரி.
கோணல்தான்,
ஆனாலும் எழுத்து.

கடைசி இரவு
விழித்துப் பார்த்தேன்.
கட்டிலில் குறுக்காகக் கிடந்தேன்,
ஒரு கால் யானைமேல்.
மிச்சமிருந்த சாக்லேட்டுகளின் தாள்
தலைமுடியில்.

இறங்கி நேராக அறைக்குப் போகவில்லை.
பெட்டியை உருட்டிக்கொண்டு
ஜுபைல் நிலையத்தில் கேட்டேன்,
மஸ்கட்டுக்கு எத்தனை மணிக்கு?
"எத்தனை பேர்?"
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
நிமிரவில்லை.
ஒரு ஆள்.
ஒரு ஆளுக்கான காசுதான் கேட்டாள்.
ஜன்னலோரம் இருக்கிறதா?
இல்லையாம்.
சரி என்றேன்.