மூன்றாவது சுற்று

பகாவ் ரவுண்டபோட்டை அன்றைக்கு
மூன்று முறை சுற்றிவிட்டேன்.
எண்ணெய் நிலையத்துப் பையன் கையசைத்தான்,
விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான்.
நானும் கையசைத்தேன்.
கப்பு மோட்டாருக்கு வீடு தெரியும்,
எனக்குத்தான் எந்தப் பிரிவு என்று பிடிபடவில்லை.

மகனிடம் சொல்லவில்லை.
சாவியை வாங்கி வைத்துக்கொள்வான்.

கிளினிக்கில் மிசி ரொஸ்னானி மூன்று சொல் கொடுத்தாள்:
பீசாங். பாயோங். கூஞ்சி.
நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாள்.
கிராணி எடையில் தின்றதையெல்லாம்
முப்பத்தொரு வருஷம் மனதுக்குள் கழித்தவள் நான்.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது...
போதும் மக்சிக், போதும் என்கிறவரை போனேன்.
சரி, இப்போது அந்த மூன்று சொல்?
வாழைப்பழம் வந்தது. சாவி வந்தது.
நடுவில் பல் விழுந்த இடம்.

ரத்த அழுத்தம், இனிப்பு நீர், காது,
எல்லாவற்றையும் தோண்டி எடுத்தாள்.
நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றாள்.
அறுபத்து நாலு வயதில் என்னை
எதற்கும் சீக்கிரம் என்று ஒருத்தி சொன்னது
அதுதான் முதல் தடவை.
நிற்குமா?
நிற்காது. மெதுவாகப் போகவைக்கப் பார்க்கலாம்.

அது எனக்குப் புரியும்.
பட்டையைத் தடிமனாகச் சீவினால்
மரம் சீக்கிரம் முடிந்துபோகும்.
நூல் மாதிரி எடுத்தால் கூட நாள் வரும்.
கத்தி என்னவோ படத்தான் படும்.

இப்போது காதில் ஒரு பொத்தான்.
குளிர்பெட்டி இவ்வளவு பேசுமென்று தெரியாது.
பக்கத்து வீட்டு லாய் மூய் திட்டுவது
முழுசாகக் கேட்கிறது, திருப்பித் திட்டவும் முடிகிறது.
அதுவும் மூளைக்கு நல்லதாம்.

புதன்கிழமை பாலாய் ராயாவில் போக்கோ-போக்கோ.
வலது இரண்டு, இடது இரண்டு, பின்னால், திரும்பு.
எல்லோரும் கிழக்கே திரும்ப
நான் மேற்கே நிற்கிறேன்,
எதிரே முப்பது முகம்.
யாரும் சிரிப்பதில்லை.
அடுத்த வாரம் யார் நிற்பார்களோ.

மாத்திரைப் பையைக் காட்டித்தான் மகனிடம் சொன்னேன்.
தயாளன் சாவியைக் கேட்கவில்லை.
ரவுண்டபோட்டு வரைக்கும் காரில் பின்னாலேயே வந்தான்,
வேறு வேலையாகப் போகிறவன் மாதிரி.
ஒரே சுற்றில் பிரிந்தேன்,
அவனுக்காகக் கொஞ்சம் வேகமாகவே.

நேற்று பசாரில் மழை.
மீன்கடைத் தகரத்தில் அது விழுந்த சத்தத்துக்கு
பாயோங்! என்று கத்திவிட்டேன்.
வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த மிசி நிமிர்ந்தாள்.
அது போன தடவைச் சொல், மக்சிக், என்றாள்
குடையை என் பக்கம் சாய்த்தபடி.
அடுத்த தடவை வேறு மூன்று.