ராசாச் சோடி

ஸ்காபரோவில் மைனஸ் இருபத்திரண்டு.
நிலவறையில் ஆறு பேர், ஒரு பச்சை விரிப்பு.
இரண்டு மணித்தியாலமாக நான்
வந்த சீட்டை வந்த வழியே அனுப்புகிறேன்.
ஏழும் இரண்டும். ஒன்பதும் மூன்றும்.
"விளையாட வந்தனியோ, சூடு காய வந்தனியோ?"
சிரிக்கிறான் குகநேசன்,
ஐந்தாவது ஆட்டின் வரும் வரும் என்றே
ஸ்னோ டயர்க் காசை விட்டவன்.

பிறகு வந்தார்கள் ராசாக்கள், இருவரும் ஒன்றாக.
கூட்டினேன்.
மேசையில் ஓர் ஆஸ் விழுந்தது.
இரவு முழுக்கப் பந்தயமே கூட்டாத மங்களேஸ்வரி
தேத்தண்ணிக் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு
வில்லை முழுவதையும் நடுவில் தள்ளினா.

ராசாக்களை முகங்குப்புறக் கிடத்தினேன்.
"என்ன வச்சிருந்தனீர்?"
"பாக்கிறதெண்டா காசு கட்டியிருக்கோணும்."

வீடு போகும் வழியெல்லாம்
வைப்பர் அந்தப் பக்கம்: இருந்தது.
இந்தப் பக்கம்: இல்லை.