மூடி பாதிதான் திறந்திருக்கும்

"இடுப்புக்குக் கீழே யாரும் பார்க்கமாட்டார்கள், லவோன்.
பெல்ட்டே வேண்டாம்" என்றார் ஹால்வர்சன்.
லஸ்க் ஊரில் சாகிற எல்லோருக்கும்
கடைசியாகத் தலை வாரிவிடுகிற மனிதர்,
கை சுத்தம், குரல் பஞ்சு.
பெல்ட் இல்லாமல் ஓரின்
தபால்பெட்டி வரைகூடப் போனதில்லை என்றேன்.

காலுறை இழுப்பறையில் மூன்று பக்கிள் இருந்தன.

பித்தளையில் இரண்டு இதயம் பின்னியது
டார்லா கொடுத்தது.
அவள் போன பிறகு அதன் ஓரத்தால்
பீர் பாட்டில் திறந்துகொண்டிருந்தான்.
ஒரு இதயம் மட்டும் பல் பல்லாகத் தேய்ந்திருந்தது.
அதை அங்கேயே விட்டேன்.

வெள்ளியில் ஒன்று,
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.
பத்தொன்பது வயதில் ஜெயித்தது.
மாவட்டச் சந்தை, முரட்டுக் குதிரை, எட்டு விநாடி.
பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தான் செதுக்கியவன்.
திருத்தித் தருகிறோம் என்று கடிதம் வந்தது.
"குதிரைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, விடு" என்றான்.
ஒருநாளும் அணியவில்லை.

மூன்றாவதைத்தான் ஊர் அறியும்.
ஷையெனுக்கு வெளியே லாரிகள் நிற்கும் கடையில் நானூறு டாலர்.
பாதிப் பணம்
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து
வயிற்றைக் கட்டவே வாங்கினான்.
மீதி கடன்.
சாஸர் அகலம், இறக்கை விரித்த கழுகு,
கண்ணில் நீலப்பச்சைக் கல், சுற்றிலும் கயிற்று முறுக்கு.
ஜெயிக்காத பக்கிளை இத்தனை பெரிசாகப் போடுவதா என்று
தீவனக் கடையில் சிரிப்பார்கள்.
"எந்தக் குதிரை கொடுத்தது?"
"கிரெடிட் கார்டு. இன்னும் இறங்க முடியவில்லை."

பெல்ட்டை எடுத்தேன்.
அவன் நோய் துளைத் துளையாக எழுதியிருந்தது.
செப்டம்பரில் மூன்றாவது,
பனி விழத் தொடங்கியபோது ஐந்தாவது,
பிறகு ஆணியால் அவனே குத்திக்கொண்ட இரண்டு, கோணலாக.
நான் இன்னொன்று குத்தினேன்,
அவன் சமையலறையில், இறைச்சிப் பலகை மேல், சுத்தியலால்.
நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஜெயித்ததை அவனுக்குப் பூட்டினேன்.
ஹால்வர்சன் மூடியின் கீழ்ப்பாதியை இறக்கினார்.
எழுத்துப்பிழையோடு இருட்டுக்குள் போயிற்று அது.

கழுகை நான் போட்டுக்கொண்டேன்.
கறுப்புக் கவுனில் பெல்ட்டுக்கு இடமில்லை;
ஜீன்ஸை இஸ்திரி போட்டு மாட்டினேன்.
தேவாலயத்தில் மர்ட்டில் அத்தையின் பார்வை
என் முகத்தில் தொடங்கி
தொப்புளில் நின்றது.

மார்ச் காற்று. புல்லில் பழைய பனி.
ஒரு பிடி மண் எடுக்கக் குனிந்தேன்.
கழுகு அடிவயிற்றில் குத்தியது,
மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை.
மூச்சே நின்றுவிட்டது.

இருபத்தாறு வருஷம்
என்ன கர்வம் இவனுக்கு என்றுதான்
எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.
வங்கி ஆள் முன்னால், டார்லாவின் வக்கீல் முன்னால்,
மருத்துவர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோதும்
வரிந்து கட்டிக்கொண்டு வந்தவன் போல
நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான்.
குனிந்தால் குத்தும், ஓரின்.
சொல்லியிருக்கலாம் நீ.

பால் கறக்க உட்காருகிறவள் மாதிரி
முதுகு வளையாமல் முழங்காலை மடக்கி இறங்கி
மண்ணை அள்ளிப் போட்டேன்.

டக்ளஸுக்குத் திரும்பும் வழியில்
பெட்ரோல் பங்க் கழிவறையில் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன்.
தோலில் சிவப்பாக அரைக் கழுகு,
கயிற்றின் முறுக்கு, கல்லுக்கு ஒரு பள்ளம்.
காபி வாங்கினேன்.
கல்லாவில் இருந்த பையன், பதினேழு இருக்கும்,
"பக்கிள் அழகாயிருக்கு. எங்கே ஜெயிச்சீங்க?" என்றான்.
சில்லறையை வாங்கிப் பையில் போட்டு
"லஸ்க்கில்" என்றேன்.
எத்தனை விநாடி என்று அவன் கேட்கவில்லை.