ஈரத்துக்குக் கழிவு

முந்நூற்று இருபது பத்திரிகை.
மழைக்கு அறுபது பேரைக் கழித்தேன்.
மஞ்சூர் ரோட்டில் எப்படியும் மண் சரியும்,
அதற்கு முப்பது.
எட்டு வருஷமாய்ப் பேசாத சித்தப்பா வீட்டில் ஏழு.
போக, சளிக்காரர்கள், டியூட்டிக்காரர்கள்.
இருநூறு இலை போதும் என்று
நோட்டில் இரண்டு கோடு போட்டேன்.

எடை போடுகிறவள் நான்.
கொக்கியில் மூட்டை ஏறியதும்
ஈரத்துக்கு ரெண்டு கிலோ என்று
வாய் தானாகச் சொல்லும்.
பங்குனி வெயிலிலும் சொல்லியிருக்கிறேன்.

தங்கை தவமலருக்கு வரவேற்பு.
கோத்தகிரியில் மண்டபம்,
ஐப்பசியில் பாதி வாடகை.
நேரம் நாலு மணி முதல் ஆறு.
மத்தியானம் தின்றது செரித்திருக்காது,
ராத்திரிப் பசி எட்டியிருக்காது,
ஆறேகாலுக்குக் கடைசி பஸ்.
இதைக் கண்டுபிடித்த அன்று
பெருமையில் எனக்குத் தூக்கமே இல்லை.

கறி போட்டால் தலைக்கு நூற்றெழுபது.
காய் என்றால் அறுபத்தெட்டு.
கேரட் கழுவும் மிஷினடியில்
ஒடிந்து கிடந்ததைப் பொறுக்கி வந்தால்
அதிலும் நாலு ரூபாய் குறையும்.
பிரியாணிக்குள் போன கேரட்டுக்கு
முழுசென்ன, முறிந்ததென்ன.

சமையல் எத்திராஜ் வானத்தைப் பார்த்தார்.
"இருநூறுதானாம்மா?"
"இருநூறுதான்."
அவருடைய பெரிய கரண்டியை
சாக்குக்கு அடியில் ஒளித்துவிட்டு
எங்கள் வீட்டு ரசக் கரண்டியைக் கொடுத்தேன்.

அன்று பார்த்து வெயில்.
பல் விளக்கும்போதே தெரிந்துவிட்டது,
கோடநாடு பக்கம் ஒரு பஞ்சு மேகம் இல்லை.
மஞ்சூரிலிருந்து மூன்று வேன்.
ஒரு கல்லும் உருளவில்லையாம்,
டிரைவர் சந்தோஷமாகச் சொன்னான்.
சித்தப்பா வீட்டில் ஏழு இல்லை,
பதினொன்று,
கைக்குழந்தை தனி.

மூன்றாவது பந்தியில்
அண்டாவின் அடியைச் சுரண்டியது கரண்டி.
அந்தச் சத்தம் மேடை வரை கேட்டிருக்க வேண்டும்.
போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்த தங்கை
சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு
என் பக்கம் திரும்பினாள்.

செருப்பில்லாமல் ஓடினேன் பேக்கரிக்கு.
இருந்த வர்க்கி பதினாலு கிலோ,
நெய் பிஸ்கட், முந்தாநாள் பன்,
எல்லாம் கடனுக்கு.
டீத்தூளுக்குப் பஞ்சமில்லை, ஃபேக்டரித் தூள்.
பாலில்தான் தண்ணீர்.
கூட்டிக் கழித்தால்
பாதிப் பேருக்குக் கறியே போட்டிருக்கலாம்.

சித்தப்பா வாசலோர நாற்காலியில்
மடியில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்.
வர்க்கியை முக்கினார்.
பாதி உடைந்து டம்ளருக்குள் விழ,
விரலால் துழாவி எடுத்துத் தின்றார்.
பெரிய பேச்சு ஏதோ வரப்போகிறது என்று நின்றேன்.
"தூள் நம்ம ஃபேக்டரிதா?" என்றார்.
"ஆமா."
"அதான்."
எட்டு வருஷத்துக்கும் அவ்வளவுதான்.

மொய் ஐந்நூற்று ஒன்று.
அப்பாவின் இனிஷியல்தான் அவருக்கும்.
ஆனாலும் எழுதும்போது
பேனா கொஞ்சம் யோசித்தது.

திங்கட்கிழமை மூன்று மணிக்குக் காமாயி
மூட்டையைக் கொக்கியில் மாட்டினாள்.
நேற்று மூன்றாம் பந்தி அவள்.
நல்ல சேலை கட்டி,
மொய்க் கவரைக் கையில் மடித்துப் பிடித்து,
வர்க்கியும் டீயும் குடித்துவிட்டு
நடந்தே போனவள்.
அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
முள் இருபத்தொன்றில் நின்றது.
காலையிலிருந்து வெயில்,
மூட்டைக்குள் இலை சலசலத்தது.

"ஈரத்துக்கு..." என்றது வாய்,
என்று அங்கேயே நின்றது.
சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார்.
காமாயி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று, என்றேன்.